சாயக்குண்டுக் கமாண்டர்

ஆட்டக்காரர்கள் முகத்தில் மாட்டும் மாஸ்க்கின் பின்பட்டையை இழுத்து விட்டுக் காதருகே வைத்துக் கேட்கிறார். ‘சடக்’கென்று சத்தம் வந்தால் அது சுவர்க் கொக்கிக்குப் போகும். சவசவவென்று வந்தால் ஓரத்தில் இருக்கும் தொட்டிக்குப் போகும். பிறகு கண்ணாடியை வெயிலுக்கு எதிரே பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார். கடைசியாக உள்ளே மூக்கை வைத்து முகர்கிறார். “நேத்து இதைப் போட்டவர் பூண்டு நல்லாச் சாப்பிடுவார்போல” என்று சொல்லிவிட்டுச் சோப்புத் தண்ணீருக்குள் அமிழ்த்துகிறார். இவ்வளவும் நடந்துகொண்டேதான். அவரைப் பற்றி எழுத, எங்காவது உட்கார்ந்து பேசலாம் என்று நம்பிப் போன நான், முதல் நாளே அவர் பின்னால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து செருப்பு வாரை அறுத்துக்கொண்டேன்.

ஆட வருகிறவர்கள் அவரைக் கமாண்டர் என்று கூப்பிடுகிறார்கள். குள்ளமான உருவம். நாற்பதைத் தாண்டிய வயது. இறுக்கிப் பின்னிய சடைக்குக் கீழே, பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான ராணுவச் சட்டை. கழுத்தில் விசில். அவருக்கும் ராணுவத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இளம் வயதில் போலீஸ் வேலைக்கு ஆளெடுத்தபோது வரிசையில் நின்றிருக்கிறார். உயரம் ஒரு விரல்கடை குறைந்தது. “அளந்தவன் என் முகத்தைக்கூடப் பாக்கல சார். தலைக்கு மேல இருந்த கோட்டைப் பாத்தான், அடுத்த ஆளைக் கூப்பிட்டான்” என்று அதை இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். அப்புறம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வருடக்கணக்காகக் கணினிமுன் இருந்தார். இருந்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. அங்கே அவர் நின்றுகொண்டே தட்டச்சு செய்வாராம். பக்கத்து மேஜைக்காரர்கள் தலை சுற்றுகிறதென்று புகார் சொல்லி அவரைச் சன்னலோரமாக மாற்றினார்களாம்.

அந்த அலுவலகத்தார் ஒருமுறை சுற்றுலாபோலக் கூட்டிக்கொண்டு போன இடத்தில்தான் பெயிண்ட்பால் ஆட்டத்தை முதலில் பார்த்தார். காற்றின் விசையில் இயங்கும் துப்பாக்கி. அதிலிருந்து கோலிக்குண்டு அளவில் சாய உருண்டைகள் பாயும். மேலே பட்டு உடைந்து சாயம் ஒட்டினால் அந்த ஆள் வெளியே. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கமாண்டரின் தொடையில் நீலச் சாயம் பட்டது. அந்த நீலத்தோடு வீட்டுக்கு வந்து, வேலையை விடப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னார். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர், நிதானமான மனிதர். “அன்னிக்கே எனக்குத் தெரியும், இது காய்ச்சல் இல்ல, இறங்காதுன்னு” என்றார் என்னிடம். “வீட்ல விசில் சத்தம் கேட்டா குக்கரா இவளான்னு எட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்.”

ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த மரக்கிடங்கு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தும் மைதானம் இது. வாசல் பலகையில் ‘போர்முனை’ என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. உள்ளே மணல் மூட்டைகள், ஓட்டை டிரம்கள், சக்கரமில்லாத ஜீப், ஒட்டுப்பலகையில் வெட்டி வண்ணம் பூசிய ஒரு பீரங்கி வண்டி. எல்லாம் கமாண்டர் கைவேலை. மணல் மூட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் காலால் ஒரு தட்டுத் தட்டி, தளர்ந்திருந்தால் குனிந்து இறுக்கிக் கட்டுகிறார். பேச்சு நிற்பதில்லை.

தம்பி வேறு மாதிரி. மெலிந்து நீண்ட உடம்பு, பளிச்சென்ற மஞ்சள் ஜெர்ஸி. பெயிண்ட்பால் போட்டிகளில் ஆடிப் பரிசு வாங்கியவர். அவருக்கு இது விளையாட்டு, அவ்வளவுதான். ஓட்டம், கோணம், மூச்சு. பீரங்கி வண்டியைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை மாணவர்களை அழைத்து வருவது பற்றிப் பேச வந்து, வாசலில் அந்த வண்டியைப் பார்த்ததும் ஸ்கூட்டரை அணைக்காமலே திருப்பிக்கொண்டு போனாராம். விளையாட்டுச் சங்கத்திலும், சண்டைக் கூத்துக்கெல்லாம் அங்கீகாரம் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

ஆகவே அக்காவுக்கும் தம்பிக்கும் சொல்லுக்குச் சொல் யுத்தம். துப்பாக்கி என்று சொல்லாதே, மார்க்கர் என்று சொல் என்பார் தம்பி. குண்டு வேண்டாம், பந்து என்று சொல். அதற்குக் கமாண்டர், பந்து என்றால் வருகிறவன் பிடிக்கக் கையை நீட்டுவான், விரல் போய்விடும் என்பார். பலகையை மாற்றி ‘வண்ணக்களம்’ என்று வைக்கலாம் என்று தம்பி சொன்ன அன்று நானும் இருந்தேன்.

“களம்னாலே போர்க்களம்தானடா” என்றார் கமாண்டர்.

“நெல்லடிக்கிற இடமும் களந்தான்க்கா.”

கமாண்டர் ஒரு கணம் நின்றார். பிறகு, “அங்கயும் அடிதான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் கமாண்டர் பக்கம். வங்கி ஊழியரோ துணிக்கடை விற்பனையாளரோ, உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்பது அந்தத் திட்டுத் திட்டான சட்டையை. போட்டுக்கொண்டு, முறைத்தபடி ஒரு போட்டோ. அப்புறம்தான் ஆட்டம். கமாண்டர் ஒரு டயர்மேல் ஏறி நின்று அன்றைய கதையைச் சொல்வார். பாலத்தை எதிரி பிடித்துவிட்டான். மருந்துப் பெட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. கிணறு ஒன்றுதான் மிச்சம். கதை நாளுக்கு நாள் மாறும். மாறாதது ஒரு விதி. சாயம் பட்டவர் வெளியே போகக்கூடாது, விழுந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துக் கிடக்க வேண்டும். கையில் வெள்ளைப் பட்டை கட்டிய மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு அணியிலும் இருப்பார். அவர் ஓடி வந்து தோளைத் தொட்டால் கிடப்பவருக்கு மறுபடி உயிர். மருத்துவர்மேலேயே சாயம் பட்டுவிட்டால் அவரும் விழ வேண்டியதுதான். அணிக்கு வேறு கதியில்லை.

இந்த விதி அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. இதைச் சொல்லும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவாகும். “எந்த விளையாட்டுல சார் விழுந்தவனுக்காக ஒருத்தன் ஓடி வர்றான்? ஆபீஸ்ல பத்து வருஷமா பேசிக்காதவங்க இங்க ஒருத்தரை ஒருத்தர் இழுத்துட்டு வர்றதை நான் பாத்திருக்கேன். யுத்தத்தை எடுத்துட்டா இது சுவத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை.”

தம்பி சாய உருண்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். “காப்பாத்தணும்னா முதல்ல சாகடிக்கணுமாக்கா?”

அப்படியொரு கேள்வி கேட்கப்படவே இல்லை என்பதுபோலக் கமாண்டர் பக்கத்தில் இருந்த காற்றுச் சிலிண்டர்களை இங்கிருந்து அங்கே மாற்றி அடுக்கினார். பிறகு அங்கிருந்து இங்கே அடுக்கினார்.

நான் மூன்றாவது முறை போன அன்று ஒரு மருத்துவமனை ஊழியர்கள் ஆட வந்திருந்தார்கள். நர்சுகள், பரிசோதனைக்கூடத்துக்காரர்கள், கணக்குப் பிரிவினர். அவர்களோடு ஸ்ட்ரெச்சர் தள்ளும் வார்டு உதவியாளர் ஒருவரும் வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, ஒரு கால் லேசாக இழுத்த நடை. கமாண்டர் டயர்மேல் நின்று கதை சொன்னபோது மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் பாடம் கேட்பதுபோலக் கேட்டார். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: தொட்டால்தான் எழுந்திருக்கலாமா, தானாக எழக்கூடாதா? தொட்டால்தான் என்று அழுத்திச் சொன்னார் கமாண்டர்.

அவருடைய அணிக்கு வெள்ளைப் பட்டை கட்டியவர் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் பெண். நல்ல சுறுசுறுப்பு. ஆனால் ஆட்டம் சூடுபிடித்ததும் பட்டையை மறந்து, எதிரணியின் கொடியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே முன்னேறிவிட்டார். கொடியும் கிடைத்தது. விசில் ஊதியாயிற்று. எல்லோரும் ஜீப்பின்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள், கை கழுவினார்கள், தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள்.

கொக்கியில் மாட்டும்போதுதான் ஒரு மாஸ்க் குறைவது தெரிந்தது. கமாண்டர் ஓடினார். நானும் பின்னால் போனேன்.

கடைசி டிரம்முக்குப் பின்னால் வார்டு உதவியாளர் மல்லாந்து கிடந்தார். மாஸ்க் முகத்திலேயே இருந்தது. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. மார்பில் பட்ட பச்சைச் சாயம் காய்ந்து ஓரம் உரிந்திருந்தது. மயக்கமோ என்று நான் பதறினேன். கண்கள் திறந்திருந்தன, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஆட்டம் முடிஞ்சிருச்சு. எந்திரிங்க” என்றார் கமாண்டர்.

“தொடணும்னு சொன்னீங்களே.”

வேடிக்கையாகச் சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை. கமாண்டர் மண்டியிட்டு அவர் தோளைத் தொட்டார். அவர் எழுந்து, முதுகுப்புறத்து மண்ணைத் தட்டிவிட்டு, மாஸ்க்கைக் கழற்றி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

குழாயடியில் முகம் கழுவும்போது அவரே சொன்னார். அவர் பிறந்த நாட்டில் சண்டை நடந்த வருடங்கள். அவர் எந்தப் படையிலும் இல்லை. குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தவர். ஒரு வெட்டவெளியைக் கடக்கும்போது தொடையில் குண்டு பாய்ந்தது. கூட ஓடியவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை அங்கேயே கிடந்தார். இருட்டியபின் தவழ்ந்து வந்து சேர்ந்தார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. பேருந்து தாமதமாக வந்த கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“இங்க ஒருத்தர் வருவாங்கன்னு நீங்க சொன்னீங்க. வந்தா எப்படி இருக்கும்னு பாக்கலாமேன்னு கிடந்தேன்.”

அவ்வளவு சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அருகே நின்று கேட்ட ரத்தம் எடுக்கும் பெண் தன் கையில் இருந்த வெள்ளைப் பட்டையின் முடிச்சைத் தேடித் தேடி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தம்பி வந்தபோது பீரங்கி வண்டி இல்லை. ஒட்டுப்பலகைகள் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. கமாண்டர் ஏணிமேல் நின்று வாசல் பலகையில் ‘போர்முனை’யின்மேல் வெள்ளைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். தம்பி போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து வந்த வாரங்களில் நான் பார்த்த மைதானம் வேறு. காற்றடைத்த பெரிய தடுப்புகள் ஆரஞ்சிலும் நீலத்திலும் நின்றன. வருகிறவர்களுக்கு ஜெர்ஸி. சட்டை கேட்டவர்களுக்குச் சலவைக்குப் போயிருக்கிறது என்று பதில். சாயம் பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். யாரும் சாவதில்லை, யாரும் பிழைப்பதுமில்லை. விளையாட்டு ஆசிரியை மாணவிகளோடு வந்தார், இந்த முறை ஸ்கூட்டரை அணைத்தார். தம்பி அவர்களுக்கு ஓடவும் குனியவும் கோணம் பார்க்கவும் கற்றுக்கொடுத்ததை நான் நின்று பார்த்தேன். அழகான விளையாட்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. குழந்தைகள் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

கமாண்டருக்குத்தான் கால் தரிக்கவில்லை. மஞ்சள் ஜெர்ஸி அவருக்கு முழங்கால்வரை தொங்கியது. “அவுட்” என்று சொல்ல வாயைத் திறப்பார், பழக்கத்தில் “செத்து...” என்று தொடங்கிப் பாதியில் விழுங்குவார். ஆட்டம் முடிந்தபின் ஒவ்வொரு தடுப்பின் பின்னாலும் போய் எட்டிப் பார்ப்பார், யாரும் கிடக்க வழியில்லை என்று தெரிந்தும். இரவில் எழுந்து கூடத்தில் நடக்கிறாள் என்று கணவர் சொன்னார். என்ன யோசனை என்று கேட்டதற்கு, நான் கதை சொல்லி ஒரு மனுஷனை அந்த வெட்டவெளிக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேனே என்றாராம். கொஞ்ச நேரம் கழித்து, ஆனால் தொட்டதும் எழுந்தாரே என்றாராம். மறுபடி நடை.

ஒரு விடுமுறை நாள் மதியம் வார்டு உதவியாளர் திரும்ப வந்தார். ரத்தம் எடுக்கும் பெண்ணும் மருத்துவமனைக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் கூட வந்திருந்தார்கள். அவர் காற்றடைத்த தடுப்புகளைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அந்த வெள்ளைப் பட்டை எங்கே என்று கேட்டார். அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டோம் என்றார் தம்பி.

“எதுக்கு?”

தம்பி அக்காவைப் பார்த்தார். கமாண்டர் தரையைப் பார்த்தபடி, உங்களைப்போலப் பட்டு வந்தவர்கள் மனதைக் கிளறக்கூடாதென்றுதான் என்று மெல்லச் சொன்னார்.

“என்னைக் கேட்டீங்களா?”

குரலில் கோபமில்லை. அவரே தொடர்ந்தார். “அன்னிக்குக் கிடந்தேன். இன்னிக்குப் போகணும். பட்டையை எனக்குக் கட்டுங்க.”

தம்பி அக்காவைத் தனியே அழைத்துப் பேசினார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. இனிச் சண்டை ஆட்டம் இல்லையென்று பள்ளிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகும், ஒரு தடவை திறந்தால் அந்தச் சட்டையும் பீரங்கியும் பின்னாலேயே வரும், இன்னொரு ஆள் வந்து விழுந்து எழாமலே போனால் நாம் என்ன செய்வோம் என்று அடுக்கினார். எல்லாமே நியாயமான கேள்விகள். கமாண்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே போய்க் கொட்டகையின் பரணிலிருந்து வெள்ளைப் பட்டையை எடுத்து வந்து உதவியாளரின் பருத்த கையில் கட்டினார்.

டயர் இல்லை, கதை இல்லை. விழுந்தவர் கிடக்க வேண்டும், இவர் வந்து தொடுவார் என்பதை மட்டும் சொன்னார். அக்கா ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நடுவர்களாக நின்றார்கள். நான் மைதானத்தைச் சுற்றிய வலைக்கு வெளியே, கமாண்டருக்குப் பக்கத்தில்.

அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தை என்னால் சரியாக எழுத முடியுமா தெரியவில்லை. வேகம் கிடையாது. ஒரு காலை இழுத்து இழுத்து, தடுப்புக்குத் தடுப்பு, மூச்சிரைக்க. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒருவரைத் தொட்டார், கிடந்தவர் எழுந்தார். இன்னொருவரைத் தொட்டார், அவரும் எழுந்தார். தொட்டதும் ஒவ்வொருவரின் மாஸ்க்கருகிலும் குனிந்து ஒரு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். வந்துட்டேன் என்றுதான் சொன்னாராம்.

ரத்தம் எடுக்கும் பெண் மைதானத்தின் நட்டநடுவில் விழுந்து கிடந்தார். சுற்றிலும் மறைவில்லை. எதிரணிக்காரர்கள் மூன்று பேர் அந்த வெளியைக் குறிவைத்துக் காத்திருந்தார்கள். விடுங்கண்ணே, வராதீங்க என்று அவர் கிடந்தபடியே கையை ஆட்டினார். உதவியாளர் எங்களுக்கு முன்னால் இருந்த கடைசித் தடுப்பில் ஒரு கணம் குனிந்து நின்று மூச்சைச் சேர்த்துக்கொண்டார். கிளம்ப ஓரடி வைத்தார். எங்கிருந்தோ வந்த உருண்டை அவர் தோளில் பட்டு உடைந்தது. ஆரஞ்சுச் சாயம் கைவரை வழிந்தது.

அவர் அப்படியே நின்றார். தோளைப் பார்த்தார். பிறகு நடுவரைப் பார்த்தார். விதி தெரிந்தவர், படுப்பதற்கு முழங்காலை மடக்கத் தொடங்கியிருந்தார். பட்ட சாயத்தைத் துடைத்துவிட்டு ஆடுவதைப்போல ஒரு களவாணித்தனம் இந்த ஆட்டத்தில் வேறில்லை. அதற்காகவே இங்கே ஆட்களை வாசலுக்கு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து தம்பி கையைத் தூக்கி, பட்டுவிட்டது என்று சைகை காட்டினார்.

கமாண்டர் விசிலை வாயருகே கொண்டுபோனார். ஊதவில்லை. ஓரெட்டு முன்னே வைத்து, தன் மஞ்சள் ஜெர்ஸியின் முன்புறத்தை இழுத்து, எல்லோரும் பார்க்க, அந்தத் தோளை அழுந்தத் துடைத்தார். பிறகு இரண்டு கைகளையும் அவர் முதுகில் வைத்து வெட்டவெளியை நோக்கித் தள்ளினார்.